உல்லாசக் கப்பல் பூண்ட போர்க்கோலம்

பெரும் போர்க்கப்பல் ஒன்றைக் கட்டி முடிக்க ஆண்டுகள் பல ஆகும். போரோ அத்தனை காலம் காத்திராது. ஆதலால், போர் மூண்டதும் செல்வர்களின் விரைவான உல்லாசக் கப்பல்களை வாங்கி, அவற்றில் பீரங்கிகளைப் பொருத்திக் காவலுக்கு அனுப்புதல் கடற்படைகளின் வழக்கமாயிற்று. அவ்வாறு கோலம் மாறிய கப்பல் ஒன்றின் வரலாறு மாணவர்கள் அறியத்தக்கது.

அமெரிக்க நாட்டின் பெருஞ்செல்வரான ஜே. பி. மார்கன் என்னும் வங்கியதிபருக்காக 1891 ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் அக்கப்பல் கட்டப்பட்டது. நீளம் 241 அடி. ‘கோர்சேர்’ என்பது அதன் பெயர். கடற்கொள்ளைக்காரன் என்பது அச்சொல்லின் பொருள். பெயரில்தான் கடுமையேயன்றி, விருந்தினரை ஏற்றிச்சென்று மகிழ்விப்பதே அதன் தொழில்.

1898 பிப்ரவரி 15 ஆம் நாள் இரவு, ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த கியூபாவின் ஹவானாத் துறைமுகத்தில், ‘மேயின்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. மாண்டவர் 260 பேருக்கும் மேல். கண்ணிவெடியே காரணம் என்று கடற்படையின் விசாரணைக் குழு கூறிற்று. ஸ்பெயின் மீது பழியைச் சுமத்தி மக்கள் கொதித்தெழுந்தனர். ஏப்ரலில் போர் மூண்டது. அம்மாதம் 23 ஆம் நாள் கோர்சேரைக் கடற்படை வாங்கி, ‘கிளாஸ்டர்’ என்று பெயர் மாற்றிற்று. சிறு பீரங்கிகள் சில ஏறின. இரும்புக் கவசம் மட்டும் இல்லை.

அதன் தலைவராக வந்தவர் ரிச்சர்ட் வெயின்ரைட். இவர் யார் தெரியுமா? மேயின் கப்பலில் தலைவருக்கு அடுத்த நிலை அதிகாரியாயிருந்து, அவ்வெடிப்பில் உயிர் தப்பியவர். தம்முடன் பழகிய தோழர்களை இழந்தவர். அவர் உள்ளத்தில் கனல் இருந்திருக்குமாயின் வியப்பில்லை.

கியூபாவின் சான்டியாகோத் துறைமுகத்தில் அட்மிரல் செர்வேராவின் ஸ்பானியக் கடற்படைப் பிரிவு அடைபட்டிருந்தது. வெளியே அமெரிக்கக் கப்பல்கள் வளைத்து நின்றன. கிளாஸ்டரும் அவற்றுள் ஒன்று. ஜூலை 3 ஆம் நாள் காலையில் ஸ்பானியக் கப்பல்கள் முற்றுகையை உடைத்துத் தப்ப முயன்றன. முன்னே நான்கு பெருங்கப்பல்கள். பின்னே ‘ஃபூரோர்’, ‘புளூட்டோன்’ என்னும் இரு நாசகாரிகள். நாசகாரிகள் டார்பிடோ ஏந்தியவை. கவசமற்ற கிளாஸ்டருக்கு அவற்றின் குண்டு ஒன்றே எமனாகலாம்.

வெயின்ரைட் பதறவில்லை. வேகத்தைக் குறைத்து நீராவியைத் திரட்டிக்கொண்டு, நாசகாரிகள் வெளிப்பட்டதும் அவற்றின்மீது பாய்ந்தார். பெரிய போர்க்கப்பல்களின் குண்டுகளும் அவற்றைத் தாக்கின. எனினும், அருகே சென்று விடாது பொருதது கிளாஸ்டரே. ஃபூரோர் மூழ்கியது, புளூட்டோன் கரையோரப் பாறையில் மோதிச் சிதைந்தது. கிளாஸ்டரில் ஒருவருக்கும் காயமில்லை.

இனி நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கருதவேண்டியது. ஸ்பானியப் பெருங்கப்பல்கள் எரிந்துகொண்டே கரையில் ஏறின. உள்ளிருந்த வெடிமருந்து வெடித்துக்கொண்டிருந்தது. அந்நெருப்பினருகே கிளாஸ்டரின் படகுகள் சென்றன. தத்தளித்த பகைவரைத் தூக்கி ஏற்றின. நீந்திக் கரையேறிய செர்வேராவையும் அழைத்து வந்தன. வெயின்ரைட் அவரைக் கைதியாக இழிவு செய்யாது, வீரருக்குரிய மதிப்புடன் வரவேற்றார்.

மேயின் வெடித்த காரணம் பின்னரும் ஆராயப்பட்டது. 1911 இல் நடந்த இரண்டாவது விசாரணையும் கண்ணிவெடியையே சுட்டியது. ஆனால் 1976 இல் அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வு, கப்பலுக்குள் நிலக்கரி அறையில் மூண்ட தீயே காரணமாயிருக்கலாம் என்று முடிவு கூறிற்று. ஐயம் இன்னும் முற்றும் தீரவில்லை. அவ்வாய்வு சரியாயின், எந்தக் குற்றத்திற்காக ஒரு நாடு சினந்து எழுந்ததோ, அக்குற்றமே நிகழவில்லை என்றாகும்.

மார்கன் குடும்பத்தின் பின்னைய கோர்சேர்களும் போர்ப்பணி செய்தன. ஒன்று 1917 இல் அமெரிக்கப் படைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குக் காவலாகப் பிரான்சுக்குச் சென்றது. மற்றொன்று 1940 இல் பிரிட்டிஷ் கடற்படைக்கு அளிக்கப்பட்டது. எனினும், சான்டியாகோக் கடலில் கிளாஸ்டர் பெற்ற புகழ் தனியானது.

மாணவர்களே! நாசகாரிகளை அழித்த வெற்றியை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. ஆனால் போருக்கு மூலமான சினம் நியாயமானதா என்று பிற்காலத்தார் ஐயுற்றனர். தீயினின்று பகைவரை மீட்ட செயலையோ, அன்றும் இன்றும் எவரும் ஐயுறவில்லை. வெற்றி தோல்விகளின் பட்டியலாக மட்டும் வரலாற்றைப் படிப்போர் இவ்வேறுபாட்டைக் காணமாட்டார்கள். நீங்கள் காணவேண்டும்.