அபின் போரின் கணக்கேடு

போர் தொடுக்கும் அரசுகளின் பிரகடனங்களைப் படிப்போர் மானம், நீதி, குடிமக்களின் பாதுகாப்பு என்னும் சொற்களையே காண்பர். வர்த்தகரின் கணக்கேடுகளைப் புரட்டினாலோ வேறு சொற்கள் தென்படும். 1839 முதல் 1842 வரை பிரித்தானியா சீனாவுடன் நடத்திய முதலாவது அபின் போரை அவ்வாறு புரட்டிப் பார்ப்போம்.

ஆங்கிலேயர் சீனத் தேயிலைக்கு அடிமையாகியிருந்த காலம் அது. அவர்தம் அரசாங்கமும் அவ்வாறே. அதன் வருவாயில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தேயிலை வரியாகவே வந்தது. ஆனால் சீனரோ ஆங்கிலத் துணிகளைப் பெரிதும் விரும்பவில்லை, வெள்ளியையே கேட்டனர். வெள்ளிக்கு மாற்றாக அகப்பட்டதே அபின். பீகாரிலும் காசியைச் சூழ்ந்த நிலங்களிலும் உழவருக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடியைப் பயிரிடச் செய்து, விளைந்ததைத் தானே விலை குறித்து வாங்கி, கல்கத்தாவில் ஏலம் விட்டது கிழக்கிந்தியக் கம்பனி. கடல் கடத்தியவர்கள் தனியார் வணிகர். சீனச் சட்டம் அபினைத் தடைசெய்திருந்தமையால் கம்பனியின் கப்பல்கள் அதனைச் சீனாவுக்கு ஏற்றிச் செல்வதில்லை! கை கழுவும் கலையில் இவர்களை விஞ்சியவர் இலர்.

1839 இல் சீனப் பேரரசரின் ஆணையாளர் லின் சே-சூ கன்ரனில் 20,000 க்கு மேற்பட்ட பெட்டி அபினைக் கைப்பற்றி, உப்பும் சுண்ணாம்பும் இட்டுக் கரைத்துக் கடலில் விட்டார். இதனைப் பாடப் புத்தகங்கள் கூறும். அவை அழுத்திக் கூறாத செய்தி ஒன்றுண்டு. அப்பெட்டிகளை ஒப்படைக்குமாறு வணிகரை இணங்கச் செய்த பிரித்தானிய அதிகாரி சார்ல்ஸ் எலியட், நட்டத்தை அரசாங்கமே ஈடுசெய்யும் என வாக்களித்திருந்தார். அவ்வொரு வாக்கினால் கள்ளக்கடத்தற்காரரின் நட்டம் பிரித்தானிய அரசின் கடனாயிற்று. தொகை சுமார் 20 இலட்சம் பவுண். அதனைப் பாராளுமன்றத்திடம் கேட்டுப் பெறுவதிலும் சீனரிடம் பீரங்கி கொண்டு வசூலிப்பது எளிதென மந்திரிகள் கண்டனர் என்றே நாம் கருதுகிறோம்.

அபின் வணிகர் வில்லியம் ஜார்டின் இலண்டன் சென்று வெளிநாட்டமைச்சர் பாமர்ஸ்டனைக் கண்டார். எத்தனை கப்பல் வேண்டும், எத்துறைமுகங்களைக் கேட்க வேண்டும் என்பவற்றில் ஆலோசனை கூறினார். 1840 ஏப்பிரலில் அரசாங்கத்தைக் கண்டித்த பிரேரணை 262 க்கு எதிராக 271 வாக்குகளால் தோற்றது. ஒன்பதே வாக்குகள்!

போரிடச் சென்றவருள் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தனர். 1841 மே மாதத்தில் கன்ரனுக்கு அருகே, மழையில் துப்பாக்கிகள் நனைந்து பயனற்றுப்போக, சினங்கொண்ட கிராம மக்களிடையே சிக்கி நின்றவர்கள் 37 ஆவது சென்னைச் சுதேசக் காலாட்படையினரே. அவர்களுக்கும் தேயிலை வரிக்கும் என்ன உறவு?

1842 ஓகஸ்டில் நான்கிங் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஹொங்கொங் பறிபோயிற்று; ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. அழிக்கப்பட்ட அபினுக்கு 60 இலட்சம் டொலர், சீன வணிகர் பட்ட கடனுக்கு 30 இலட்சம், படையெடுத்து வந்த செலவுக்கு 120 இலட்சம் எனச் சீனா செலுத்த வேண்டியதாயிற்று. அடிபட்டவனே தடிக்கும் விலை கொடுத்தான். அபினுக்கான தொகையை, ஆங்கிலேயரின் உயிரை மீட்கக் கொடுத்த பொருளின் மதிப்பு என உடன்படிக்கை வருணித்தது. அபின் வர்த்தகம் ஆகுமா ஆகாதா என்பது பற்றி அது வாய் திறக்கவில்லை. அதற்கு இரண்டாவது போர் ஒன்று வேண்டியிருந்தது. 1858 இல் அபின், தீர்வை செலுத்திச் சீனாவுள் இறக்கத்தக்க சாதாரணச் சரக்காயிற்று.