293318625600: இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. சீனிவாச இராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729-ஐத்தான் சொல்கிறார்கள். அவர் எப்படி வேலை செய்தார் என்பதைக் காட்டுவது இந்தப் பன்னிரண்டு இலக்க எண். இது ஓர் உயர் பகு எண்; தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் கொண்ட எண்ணுக்கு அந்தப் பெயர். 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. சென்னைத் துறைமுகத்தில் 1912-ல் எழுத்தராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் மாத உதவித்தொகை பெற்று, 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய இராமானுஜன், இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை 1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் வெளியிட்டார். இந்த ஆய்வுக்காகத்தான் 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியது.

அக்கட்டுரையின் அட்டவணையில் 102 எண்கள் உள்ளன. கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்தால் வருவது 293318625600. அதுவும் உயர் பகு எண்தான், ஆனால் அட்டவணையில் இல்லை. அவருடைய குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் வந்து விடை சொன்னாள், நிரூபணம் அவருக்குத் தேவைப்படவில்லை என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அருளால் வந்த அட்டவணையில் எண் விடுபடுமா? இது கையால் போட்ட கணக்கு, அதனால்தான் நழுவியது. ஒன்றை விட்டவரின் நிரூபணத்தை எப்படி நம்புவது என்று கேட்கலாம். அட்டவணையின் மேல் நிரூபணம் நிற்கவில்லை என்பதே பதில். உயர் பகு எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் அடுக்குகள் ஒருபோதும் ஏறுமுகமாக இரா. 4, 36 இரண்டையும் தவிர மற்றவற்றில் கடைசி அடுக்கு 1 என்று அவர் நிறுவினார். விடுபட்ட எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: 2⁶×3⁴×5²×7²×11×13×17×19. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040 காரணிகள். அட்டவணையில் இடம்பெறாத எண்ணும் தேற்றத்துக்கு அடங்கித்தான் நிற்கிறது.

இதெல்லாம் கணிதத்தின் பிரதான சாலையை விட்டு ஒதுங்கிய வேலை என்பது இன்னொரு ஆட்சேபம்; அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டிக்கே அந்த எண்ணம் இருந்தது. அந்தக் கணிப்பு நிலைக்கவில்லை. செங்கோட்டைப் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை 1940-களில் இதே தடத்தில் எழுதினார். 1944-ல் அலவோக்லுவும் ஏர்டோஷும் இதை விரிவாக்கினார்கள். 5040-ஐவிடப் பெரிய எந்த எண்ணின் காரணிகளின் கூட்டுத்தொகையும் குறிப்பிட்ட ஒரு வரம்புக்குள் அடங்கும் என்று காட்டிவிட்டால், பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோளே மெய்யாகிவிடும் என்று 1984-ல் கி ரோபன் நிறுவினார். (மேலே வந்த அதே 5040தான். தற்செயல், மாயம் தேட வேண்டாம்.) ரீமான் கருதுகோளை மெய்யென்று வைத்துக்கொண்டு, இத்தகைய வரம்பை இராமானுஜன் முன்பே கணக்கிட்டிருந்தார். ஆனால் லண்டன் கழகத்துக்கு அப்போது பணமுடை இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகவில்லை. அந்தக் கணக்கு அதில் இருந்தது. நிக்கோலாவும் ரோபனும் குறிப்புரையோடு பதிப்பிக்க, அது 1997-ல் வெளிவந்தது.