வெள்ளித் தட்டும் மகாராஜா விலாசமும்

எங்க ஊர் வேலந்தாவளம். கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வந்தா பாலக்காட்டுக்குள்ள நுழையற செக்போஸ்ட். அங்கே வெள்ளின்னா கொலுசு, அரைஞாண், பாலாடை, பெரிய வீட்டுல ஒரு சந்தனக் கிண்ணம். அவ்வளவுதான்.

நான் பேங்க்காரன். நகைக்கடனுக்கு எடை, மாத்து ரெண்டும்தான் கணக்கு. செய்கூலிக்கு நயா பைசா கிடையாது. அந்தக் கண்ணோட பார்த்தா பாட்டியாலா கதை தலைசுத்த வைக்குது. 1922-ல் இங்கிலாந்து இளவரசர் எட்வர்ட் வர்றார்னு மகாராஜா பூபிந்தர் சிங் லண்டன் கம்பெனியில செய்யச் சொன்ன விருந்துப் பாத்திரங்கள், தங்க முலாம் பூசின வெள்ளி, சுமார் 1,400 உருப்படி. 2013-ல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல ஏறக்குறைய 19.6 லட்சம் பவுண்டுக்குப் போச்சு. உருக்கினா அதுல சின்னப் பங்குதான் தேறும். மிச்சமெல்லாம் யார் வாங்கினார், யாருக்காக வாங்கினார்ங்கிற விலாசத்துக்கான விலை!

நம்ம மெட்ராஸுக்கும் இதுல பங்கு உண்டுங்க. மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸை கடிகாரக் கடையாத்தான் பலருக்குத் தெரியும். 19-ம் நூற்றாண்டுல அவங்க வெள்ளி வேலைக்கும் பேர்போனவங்க. டீ கெட்டில், பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம்னு உருவம் பூரா வெள்ளைக்காரனுது. உடம்பு பூரா நம்ம சாமிகள். 'சுவாமி சில்வர்'னே பேர். 1875-76-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு (பின்னாள் ஏழாம் எட்வர்ட்) பரோடா மகாராஜா கொடுத்த டீ செட் இந்த ரகம்தான். பரோடாக்காரர் மெட்ராஸ் வேலையைத் தேடி வாங்கினார்னா பார்த்துக்கோங்க. கோயில் கவசம் தட்டின கை, துரை வீட்டு டீ கெட்டிலையும் தட்டியிருக்கு!

எனக்கு ஒரே ஆதங்கம். அடியில கம்பெனி முத்திரைதான் இருக்கும். தட்டின ஆசாரி பேர் இருக்காது. ராஜா பேருக்கு ஏலத்துல விலை உண்டு, ஆசாரிக்குக் கூலியோட சரி.

இன்னொண்ணு. 1980 ஜனவரியில அமெரிக்க ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவிச்சு, அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டப்போ, எத்தனையோ பழைய பாத்திரங்கள் உலைக்குப் போயிடுச்சு. விலை மறுபடி இறங்கினது, பாத்திரம் திரும்பலை.

லீவுக்கு ஊருக்குப் போறவங்க, வீட்டுப் பழைய வெள்ளியைக் கவுத்து அடியைப் பாருங்க. முத்திரை இருந்தா போட்டோ எடுத்துக்கோங்க, எந்தப் பாட்டி கொண்டுவந்த சீர்னு கேட்டு எழுதி வைங்க. சாம்பல் போட்டு அழுத்தித் தேய்க்காதீங்க, முலாம் போயிடும். பழசுக்குப் புதுசு மாத்தற கடைக்கு மட்டும் உடனே தூக்கிட்டு ஓடாதீங்க :)