அதிரசத்தில் தேன் ஏன் இல்லை?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் எந்த பேக்கரிக்குள் நுழைந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டு உங்கள் கண்ணில் படும். மெத்தென்ற மஞ்சள் நிறக் கேக், மேலே சிவப்பு ஜாம், அதன்மேல் தேங்காய்த் துருவல். இதன் பெயர் தேன் கேக். ஆனால் அதை ஊற வைத்திருப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான். சில கடைகளில் அந்தப் பாகில் ஓரிரு கரண்டி தேன் சேர்ப்பதுண்டு. பல கடைகளில் அதுவும் இல்லை.

கடையை விடுங்கள். உங்கள் வீட்டு அடுப்படியை நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு அதிரசம், கார்த்திகைக்குப் பொரி உருண்டை, தைப் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல். இவற்றில் எதிலாவது தேன் உண்டா? நாம் தேனை அறியாதவர்கள் அல்லர். மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று தேனீயின் இனத்தையும் கூட்டையும் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நாம். செங்கற்பட்டு வட்டாரக் காடுகளில் இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்து வந்தனர். அப்படியிருந்தும் நமது பலகார அடுப்பில் தேன் ஏறவில்லை. ஏன்?

முதற் காரணம், நமக்கு வேறு இனிப்புகள் இருந்தன. அதியமானின் முன்னோர் தமிழகத்திற்குக் கரும்பைக் கொணர்ந்தனர் என்ற செய்தி புறநானூற்றிலேயே காணப்படுகிறது. கரும்பு விளையாத வறண்ட நிலத்திலும் பனை நின்றது. பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. ஆகவே காட்டில் அரிதாகக் கிடைத்த தேனைப் படிக்கணக்கில் காய்ச்ச வேண்டிய தேவை இங்கு எழவில்லை. அது மருந்துக்கும் படையலுக்கும் ஒதுக்கப்பட்டது. முருகனுக்குப் படைக்கும் தேனும் தினைமாவும் அடுப்பைக் காண்பதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்திலும் வாழைப்பழம், சர்க்கரை, நெய், ஏலம் இவற்றோடு தேனைப் பச்சையாகவே பிசைகிறார்கள்.

ஐரோப்பாவின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே கரும்பும் இல்லை, பனையும் இல்லை. கடல் கடந்து வந்த சர்க்கரை செல்வர்களுக்கே எட்டியது. ஏழை எளியவர்க்கு இனிப்பு என்றால் தேன்தான். ஜெர்மனியின் நூரன்பர்க் நகரைச் சூழ்ந்த காடுகளில் மரப்பொந்துகளில் தேன் வளர்த்த குடிகளுக்கு 1350-இல் பேரரசர் நான்காம் சார்லஸ் தனி உரிமைகளே வழங்கினார். அந்தத் தேனோடு மாவும், நமது நாட்டிலிருந்தும் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்தும் போன இலவங்கம் முதலிய வாசனைப் பொருள்களும் சேர்ந்து உருவானதுதான் ‘லெப்கூக்கன்’ என்னும் தேன் ரொட்டி. 1643-இல் அதைச் செய்பவர்களுக்கு அந்நகரில் தனிச் சங்கமே ஏற்பட்டது. பிறகு 1747-இல் மார்க்கிராஃப் என்ற வேதியியலார் பீட் கிழங்கில் சர்க்கரை இருப்பதைக் கண்டார். 1801-இல் அதற்கான முதல் ஆலை வந்தது. சர்க்கரை மலிந்தது. தேன் பின்வாங்கியது.

இரண்டாவது காரணம் வேதியியலைச் சேர்ந்தது. அதிரசத்திற்கு வெல்லப்பாகு காய்ச்சும் பாட்டியைக் கவனித்திருப்பீர்கள். கிண்ணத்து நீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, ‘பதம் வந்தது’ என்பார். அவரிடம் வெப்பமானி இல்லை. ஆனால் பாகு அப்போது ஏறக்குறைய 115 பாகை செல்சியஸில் இருக்கும். வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸ். அது ஆறும்போது படிகமாகி இறுகும். தேனில் இருப்பதோ பெரும்பாலும் குளுகோஸும் பிரக்டோஸும். சுக்ரோஸ் மூலக்கூறைத் தேனீயின் நொதி முன்னதாகவே இரண்டாகப் பிளந்து வைத்துவிடுகிறது. இந்தக் கலவை, பாகு போலப் பதத்திற்கு வந்து இறுகாது; காய்ச்சக் காய்ச்சக் கறுத்துப் பிசுபிசுக்கும். மணமும் போய்விடும். அதிரசம் தேனை ஏற்காததன் மர்மம் இதுவே. குலாப் ஜாமுன் பாகு பூத்துவிடாமல் இருக்க எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுகிறோம் அல்லவா? சுக்ரோஸில் ஒரு பகுதியை அந்த அமிலமும் இப்படித்தான் பிளக்கிறது.

தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் இறங்கினால் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகச் சானடோரியம் தொடங்கிய வட்டாரம் அது. சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறக்கப்பட்டது. சித்த மருத்துவத்தில் தேன் முக்கியமான துணைமருந்து. லேகியம் கிண்டும் முறையை வீட்டில் தீபாவளி மருந்து செய்பவர்களும் அறிவார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் அரைத்து வெல்லத்தோடு கிளறி, நெய் விட்டு, இறக்கி, ஆறிய பிறகே தேன் ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது ஊற்றினால் நஞ்சாகும் என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள்.

இது உண்மையா? பாதி உண்மை என்பதே என் கருத்து. தேனைச் சூடாக்கினால் அதிலுள்ள நொதிகள் அழிகின்றன. நறுமணப் பொருள்கள் ஆவியாகின்றன. பிரக்டோஸ் சிதைந்து ஹைட்ராக்சிமெதில்ஃபர்ஃபுரால் என்ற பொருள் உண்டாகிறது. சர்வதேசத் தர விதிகளின்படி ஒரு கிலோ தேனில் இது 40 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளின் தேனுக்கு 80 வரை இடம் தரப்பட்டிருக்கிறது. தேன் பழையதா, காய்ச்சப்பட்டதா என்று காட்டிக் கொடுக்கும் அடையாளம் இது. ஆனால் நாம் நாள்தோறும் குடிக்கும் காப்பியின் வறுத்த கொட்டையில் இதே பொருள் பன்மடங்கு இருக்கிறது. எனவே சூடான தேன் நஞ்சன்று. மருந்துக்காகச் சேர்த்த தேன் வீணாகிறது, அவ்வளவே.

சரி, வீட்டில் செலவழிக்கும் அளவுக்குத் தேன் எப்போது கிடைக்கத் தொடங்கியது? அதற்குப் பெட்டி வர வேண்டியிருந்தது. காட்டுத்தேனைக் கூட்டோடு பிழிந்தார்கள்; புழுவும் மகரந்தமும் மெழுகும் கலந்து அது விரைவில் புளித்துவிடும். 1850-களில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் சட்டங்களைக் கழற்றி மாட்டக்கூடிய பெட்டியை அமைத்தார். ஆனால் அது ஐரோப்பியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்றது. நமது பொந்துத்தேனீ சிறியது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருச்சியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் அதற்கேற்ற சிறு பெட்டியை உருவாக்கி, கிராம மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் நடத்திய கிராம முன்னேற்ற நிலையம் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாக்கியது. அடையைச் சிதைக்காமல் சுழற்றித் தேனெடுக்கும் கருவியால் தெளிந்த தேன் புட்டிக்கு வந்தது.

மார்த்தாண்டத் தேனில் ஒரு விந்தை உண்டு. அதில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதன்று! ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் ஆண்டுத் தொடக்க மாதங்களில், இளம் இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீக்கள் அதைத்தான் சேர்க்கின்றன. இந்தத் தேன் விரைவில் உறையும். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்ததும் ‘சர்க்கரை கலந்துவிட்டான்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. படிந்திருப்பது குளுகோஸ். புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் கரைந்துவிடும்.

இந்தத் தொழில் ஒரு முறை ஏறக்குறைய அழிந்தே போயிற்று. 1991, 1992 ஆண்டுகளில் ‘தாய் சேக்புரூட்’ என்ற வைரஸ் நோய் பரவி, தென்னாட்டுத் தேனீக்களின் புழுக்களைப் பைபோல வீங்கச் செய்து கொன்றது. பெட்டிகள் ஆயிரக்கணக்கில் காலியாயின. நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டங்களைப் பெருக்கியே மீண்டும் எழுந்தார்கள். மார்த்தாண்டத் தேன் 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

கலப்படம் வேறு வகையான நோய். 2020 டிசம்பரில் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் என்ற தில்லி அமைப்பு 13 வணிகப் பெயர்களில் வந்த தேனை ஆராய்ந்தபோது, 10 வகைகள் அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் தேறவில்லை. கரும்பு, மக்காச்சோளப் பாகுகளைக் கரிம ஓரிடத்தான்கள் காட்டிக் கொடுத்துவிடும். அரிசியிலிருந்து எடுத்த பாகு அந்த வலையில் சிக்காது. நீரில் விட்டுப் பார்ப்பது, திரியில் தோய்த்துக் கொளுத்துவது ஆகிய வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம்.

இனி, மெய்யான தேன் கேக்கை வீட்டில் செய்ய விரும்பும் வாசகருக்குச் சில வார்த்தைகள். ஒரு கப் சர்க்கரைக்குப் பதில் முக்கால் கப் தேன் போதும்; பிரக்டோஸ் அதிகம் தித்திக்கும். தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் இருப்பதால் பாலில் கால் கப் குறைக்கவும். தேன் அமிலத் தன்மையுள்ளது. கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் அமிலத்தோடு வினைபுரிந்து கரியமில வாயு எழும். சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெயைக் குழைக்கும்போது அதில் காற்றைப் புகுத்தும். தேன் அதைச் செய்யாது. ஆகவே முட்டையை நன்றாக அடிக்க வேண்டும். அடுப்பின் வெப்பத்தை 175-லிருந்து 160 பாகைக்குக் குறையுங்கள். 1912-இல் பிரெஞ்சுக்காரர் மையார் விளக்கிய வினை இங்கே நடக்கிறது: குளுகோஸும் பிரக்டோஸும் மாவிலுள்ள அமினோ அமிலங்களோடு கூடி விரைவில் பழுப்பேறும். மணல் பரப்பிய பாத்திரத்தில் செய்வோர் தணலைத் தணித்தே வைக்கவும். பிரக்டோஸ் ஈரத்தை இழுத்துப் பிடிப்பதால் மறுநாளும் கேக் மெத்தென்று இருக்கும்.

வீட்டில் ஒரு வயது நிறையாத குழந்தை இருந்தால் அந்தக் கேக்கில் துளியும் கொடுக்கலாகாது. தேனில் சில சமயம் கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். கேக்கின் மேல்தோல் எவ்வளவு சிவந்தாலும் உட்புறம் 100 பாகையைத் தாண்டாது. அந்த வெப்பத்தில் வித்துகள் சாவதில்லை. பெரியவர்களின் குடலில் அவை முளைக்க இடமின்றி வெளியேறிவிடும். பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தி, மூச்சையே நிறுத்தக்கூடிய நஞ்சைச் சுரக்கும். இந்நோயை மருத்துவர்கள் இனங்கண்டது 1976-இல்தான். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் அதற்கு எவ்வளவோ முந்தியது. இன்றும் பல வீடுகளில் நடக்கிறது.