எலும்பா, இணைநாரா? ஈறு நோய்க்கான திசுப் பொறியியல் ஒட்டுகள் வளர்ந்த வழி

ஈறு நோய் முற்றினால் பல்லைச் சுற்றியுள்ள தாடை எலும்பு கரைகிறது. எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று தெரிவது அந்த எலும்பு இழப்புதான். அதனால் இந்நோய்க்கான மறுசீரமைப்புச் சிகிச்சையின் வரலாற்றையும் எலும்புப் பள்ளத்தை நிரப்பும் முயற்சிகளின் வரலாறாகவே பலர் பார்க்கிறார்கள். சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்தப் பார்வை போதாது என்று தெரியும். பல், எலும்பில் நேரடியாக ஊன்றியிருப்பதில்லை. வேரின் மேல் சிமென்டம் என்ற மெல்லிய கனிமப் படலம் உண்டு. அதற்கும் எலும்புக்கும் இடையே சுமார் கால் மில்லிமீட்டர் அகலத்தில் இணைநார் இருக்கிறது. இணைநாரின் கொலாஜன் இழைகள் ஒருபுறம் சிமென்டத்திலும் மறுபுறம் எலும்பிலும் புதைந்து பல்லைத் தாங்குகின்றன. எலும்பை மட்டுமே குறிவைத்த ஒட்டுகள் இடறின. இந்த மெல்லிய நாரை மீட்க முனைந்தபோதெல்லாம் துறை நகர்ந்தது. இந்த வரலாற்றை நான் வாசிப்பது இப்படித்தான்.

1923இல் ஹெகெடூஷ் என்ற மருத்துவர், கால் முன்னெலும்பிலிருந்து எடுத்த துண்டுகளை ஈறு நோயால் குழிந்த தாடையில் வைத்துப் பார்த்தார். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஷால்ஹார்ன் இடுப்பெலும்பின் மஜ்ஜையைப் பயன்படுத்தினார். எலும்பு வளர்த்தெடுக்கும் திறனில் இதற்கு ஈடான பொருள் அன்று இல்லை. பள்ளங்கள் நன்றாகவே நிரம்பின. ஆனால் புதிதாக எடுத்த மஜ்ஜையை வைத்த சில பற்களில் வேரே கரையத் தொடங்கியது. சில பற்கள் எலும்போடு நேரடியாகப் பிணைந்து இறுகின. எலும்பு வந்தது, பல் பாழானது. அன்றைய மருத்துவர்களுக்கு இது பக்கவிளைவாகத் தோன்றியிருக்கலாம். பின்னர் வந்த ஆய்வுகளின் வெளிச்சத்தில் பார்த்தால், எலும்பு செல்கள் வேரை முதலில் தொட்டதன் நேரடி விளைவு அது.

அந்த வெளிச்சத்தை 1976இல் டொரோண்டோவின் மெல்ச்சர் தந்தார். அறுவைக்குப் பின் வேரின் மேற்பரப்பில் எந்த வகைச் செல் முதலில் குடியேறுகிறதோ, அதுவே ஆறும் விதத்தைத் தீர்மானிக்கும் என்பது அவருடைய கருதுகோள். மேற்தோல் செல்கள், ஈற்றின் இணைப்புத் திசு, எலும்பு, இணைநார் என நான்கு போட்டியாளர்கள். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நைமன், காரிங், லிண்டே ஆகியோர் இதை விலங்குகளில் சோதித்தார்கள். எலும்பை ஒட்டி வைத்த வேர்ப்பரப்பு இறுகியது, கரைந்தது. ஈற்றுத் திசுவை ஒட்டியதும் கரைந்தது. அடுத்து 1982இல் அவர்கள் ஒரு மனிதரின் கீழ்முன்பல்லில் செய்த சோதனையை நான் இத்துறையின் மையப் புள்ளியாகக் கருதுகிறேன். வேரைச் சுத்தம் செய்து, ஈற்றுக்கும் வேருக்கும் இடையே நுண்துளை வடிதாள் ஒன்றை வைத்துத் தைத்தார்கள். மேற்தோலும் ஈற்றுத் திசுவும் வேரை எட்டாமல் அந்தத் தாள் தடுத்தது. மூன்று மாதங்களுக்குப் பிறகு பல்லைச் சுற்றியுள்ள திசுவோடு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோயால் வெறுமையான வேரில் புதிய சிமென்டமும் அதில் பதிந்த இழைகளும் இருந்தன. அந்தப் புதிய பற்று, எலும்பின் விளிம்புக்கு மேலே 5 மில்லிமீட்டர் வரை ஏறியிருந்தது. எலும்பு எட்டாத உயரத்திலும் பற்று உருவாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

வடிதாளின் இடத்தைப் பிறகு டெஃப்லான் வகைச் சவ்வுகளும், தானே கரையும் சவ்வுகளும் பிடித்தன. 1990களில் பன்றியின் வளரும் பல்லிலிருந்து பிரித்த பற்சிப்பிப் புரதம் வந்தது. 2005இல் பிளேட்லெட் வளர்ச்சிக் காரணியைக் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்த்த பொருளுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. இவை அனைத்துக்கும் ஒரே எல்லை: காயத்தின் ஓரத்தில் எஞ்சியிருக்கும் நோயாளியின் சொந்தச் செல்களையே இவை நம்பியிருந்தன. இணைநார் பெரும்பாலும் அழிந்துவிட்ட பல்லில் அழைப்பு விடுத்தாலும் வருவதற்குச் செல்கள் போதாது.

செல்களையே வெளியே வளர்த்துக் கொண்டுவந்து வைத்தால் என்ன? 1993இல் லாங்கரும் வகாண்டியும் திசுப் பொறியியலுக்கு வகுத்துக் கொடுத்த சட்டகம் இதற்குப் பொருந்தியது. 2004இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் குழு, பிடுங்கிய ஞானப்பற்களின் இணைநாரில் ஸ்டெம் செல்கள் இருப்பதைக் காட்டியது; எலிகளில் வைத்தபோது அவை சிமென்டமும் இணைநாரும் போன்ற அமைப்பை உண்டாக்கின. சிக்கல் கைமாற்றுவதில் இருந்தது. வளர்ப்புத் தட்டில் ஒட்டிக்கொண்ட செல்களை வழக்கமாக நொதி ஊற்றிப் பிரிப்பார்கள். அந்த நொதி செல்களை ஒன்றோடொன்று கட்டிவைத்த புரதங்களையும் அறுத்துவிடும். டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தெருவோ ஒகானோ இதற்கு அழகான வழி கண்டார். தட்டின் மேல் வெப்பத்துக்கேற்ப மாறும் பாலிமரைப் பூசினார். உடல் வெப்பத்தில் செல்கள் அதில் ஒட்டும். 32 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் பாலிமர் நீரை உறிஞ்சி விரியும். செல்கள் தம் அடிப்புரதங்களோடு, பாலின் மேல் படியும் ஆடையைப் போல ஒரே ஏடாக விடுபடும். அதே பல்கலைக்கழகத்தில் இவாதாவின் குழு, நோயாளியின் சொந்தப் பல்லிலிருந்து வளர்த்த மூன்று ஏடுகளை அடுக்கி வேரின் மேல் வைத்தது. எலும்புப் பள்ளத்தை பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டால் நிரப்பியது. வேருக்கு இணைநார்ச் செல், பள்ளத்துக்குக் கனிமம் என்ற இந்தப் பிரிவினை மெல்ச்சரின் கருதுகோளை அப்படியே கருவியாக்கியது. 2018இல் வெளியான முடிவில் பத்து நோயாளிகளிலும் கடுமையான பாதிப்பு எதுவும் இல்லை. ஆறு மாதத்தில் ஈற்றுப்பையின் ஆழம் சராசரியாக 3.2 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் இதைப் பாதுகாப்புக்கான சான்றாக மட்டுமே ஏற்க முடியும்.

வலுவான மறுப்பு சீனாவிலிருந்து வந்தது. 2016இல் வெளியான சமவாய்ப்புச் சோதனையில், இணைநார் ஸ்டெம் செல் ஏடுகளைச் சவ்வோடும் மாட்டெலும்புக் கனிமத்தோடும் சேர்த்து வைத்த குழுவுக்கும், செல்கள் இல்லாமல் மற்ற இரண்டையும் மட்டும் பெற்ற குழுவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செல்கள் வீண்செலவு என்று இதிலிருந்து முடிவுகட்டுபவர்கள் உண்டு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. இரண்டு காரணங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் சவ்வு கிடைத்தது. அதாவது கோதன்பர்க் முறையில் நோயாளியின் சொந்த இணைநாருக்கு ஏற்கெனவே வழி திறந்தாயிற்று. அடுத்து, அங்கே முதன்மையாக அளந்தது எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பின் உயரம். வேரில் இழைகள் பதிந்தனவா, அல்லது எலும்புக்கும் வேருக்கும் நடுவே மேற்தோல் நீண்டு இறங்கி நிற்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டாது.

அப்படியானால் இந்த வாதத்தைப் பொய்ப்பிக்கவே முடியாதே என்ற கேள்வி நியாயமானது. ஆறிய பல்லை நுண்ணோக்கிக்காக மனிதரிடமிருந்து வெட்டியெடுப்பது எளிதில் அனுமதிக்கத்தக்க செயலல்ல. ஆனால் சோதனைக்கு வேறு வழி இருக்கிறது. ஒரே ஒரு எலும்புச் சுவர் எஞ்சிய பள்ளங்களில் சவ்வு முறை பலவீனமானது என்பது நன்கு தெரிந்தது. நாய்களில் அத்தகைய பள்ளங்களில் வைத்த செல் ஏடுகள் சிமென்டத்தையும் இணைநாரையும் மீட்டன. வேறொரு நாயிலிருந்து எடுத்த செல்களும் சொந்தச் செல்களுக்கு ஒப்பான பலன் தந்தன. பிறர் செல் பயன்படுமென்றால், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே வளர்க்கும் செலவு பற்றிய மறுப்பும் பெருமளவு தளரும். மனிதரிலும் அந்த ஒற்றைச் சுவர்ப் பள்ளங்களைத் தேர்ந்து, செல் பெற்ற குழுவையும் பெறாத குழுவையும் பல ஆண்டுகள் தொடர்ந்து, எலும்பு உயரத்தைவிடப் பற்றின் அளவையும் பல் நிலைத்திருப்பதையும் முதன்மையாக அளக்க வேண்டும். அங்கேயும் வேறுபாடு தெரியாவிட்டால், செல் ஏடுகள் பற்றிய என் வாதம் தோற்கும்.