நல்ல தண்ணீர் வந்த பிறகு பூத்த ஊர்

புதுச்சேரியில் பூச்செடி வளர்த்த கதை, நல்ல தண்ணீரைத் தேடிய கதையும்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1826-ல் தாவரவியல் பூங்காவைத் தொடங்கியது கடலோரத்தில் அல்ல, ஊரின் மேற்குப் பக்கத்தில். செடிகளுக்கு அது நல்லதாகவே அமைந்தது. அங்கே உழைத்த தாவரவியலாளர் பெரோத்தே 1870-ல் இந்த ஊரிலேயே காலமானார். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1863-ல், முத்திரப்பாளையத்து ஊற்றுநீர் நகருக்கு வந்தது. பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் அதன் நினைவுதான். அந்தத் தண்ணீரை நான் பெரிதாக மதிக்கிறேன்.

காரணம், எங்கள் கடலோரத் தெருவின் கிணறு கரிக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் சிறு பங்கு கலந்தாலே ரோஜா வாடும். மண்ணில் ஈரம் இருக்கும். ஆனால் உப்பு அதைப் பிடித்துவைத்திருப்பதால் வேரால் உறிஞ்ச முடியாது. பிறகு சோடியமும் குளோரைடும் இலையில் சேர்ந்து ஓரம் கருகும், மொட்டு சிறுக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் கண்டால் அதுதான் முதல் எச்சரிக்கை.

அரளியும் காகிதப்பூவும் உப்பைத் தாங்கும். காகிதப்பூ பிரேசிலிலிருந்து வந்தது. பூகேன்வில் என்ற பிரெஞ்சு மாலுமியின் பெயரைத் தாங்கியது. புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களில் அது இவ்வளவு செழிப்பதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம் என்பேன்.

நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உள்ளே வரும். மழைநீரைக் கிணற்றில் விடுங்கள்; தொட்டிக்கும் அதையே ஊற்றுங்கள்.