ஆட்டம் காணப் போனவர்கள்: கண்டியின் மைதானங்களும் வார இறுதிப் பயணங்களும்

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் ஆடியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது; புள்ளிகளும் கேடயங்களும் தலைவர்களின் பெயர்களும் பதிவாகின்றனவே தவிர, அந்த ஆட்டங்களைக் காண்பதற்காக ஊர்விட்டு ஊர் சென்றவர்கள் எவ்வழியில் சென்றார்கள், எதை நாடிச் சென்றார்கள் என்பது அரிதாகவே கேட்கப்படுகிறது. ஐரோப்பாவில் இந்தப் பழக்கம் இன்று கண்கூடாகத் தெரிகிறது. 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பின்னர் மலிவுக் கட்டண விமானச் சேவைகள் பெருகவே, வார இறுதியில் பிரித்தானியாவிலிருந்து பறந்து சென்று, அந்நாட்டின் சிறு நகர்களில் நடைபெறும் கீழ்நிலை உதைபந்தாட்டப் போட்டிகளைப் பார்த்துத் திரும்பும் இரசிகர்கள் உருவாகினர். போலந்தில் உச்சப் பிரிவு ‘எக்ஸ்ட்ராக்லாசா’ எனவும் அதற்கு அடுத்த படியே முதலாம் லீக் எனவும் அழைக்கப்படுவதால், வட்டாரக் குழுக்களாகப் பிரிந்து ஆடப்படும் மூன்றாம் லீக் உண்மையில் நான்காம் படியில் நிற்கிறது. உலகத்தரமான ஆட்டத்தை அங்கே எவரும் எதிர்பார்ப்பதில்லை; ஓர் ஊரின் மக்கள் தம் அணியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பார்ப்பதற்கே வெளியூரார் செல்கின்றனர்.

இலங்கையில் இதற்கு மிக நெருங்கிய பழக்கம் கண்டியில் வேரூன்றியிருக்கிறது. உலகக் கிண்ணச் சுற்றுக்கு இதுவரை ஒருமுறையேனும் தகுதி பெறாத இலங்கையின் றக்பி, அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் ஊன்றிப் புள்ளி பெறும் பதினைவர் ஆட்டம், இந்நகருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வெளியூர்ப் பார்வையாளரை இழுத்து வந்திருக்கிறது. ஆட்டத்தின் தரத்தை மட்டும் கொண்டு இந்த ஈர்ப்பை விளக்க முடியாது. பாதை, புகையிரதம், தோட்டத் தொழில், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

காண்பதற்காகக் கண்டிக்குச் செல்வது ஆங்கிலேயர் கொணர்ந்த வழக்கமன்று. எசல மாதப் பெரஹராவைக் காண, அதாவது தலதா மாளிகையின் யானை ஊர்வலத்தைக் காண, மக்கள் மலைப்பாதைகளில் நடந்தே வந்தனர். 1815இல் கண்டி அரசு வீழ்ந்த பின்னர், தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் கொழும்பிலிருந்து அமைத்த பெருந்தெருவும், 1832இல் அதில் ஓடத் தொடங்கிய தபால் வண்டியும் பயணத்தைச் சற்று எளிதாக்கின. எனினும் வார இறுதி ஒன்றுக்குள் போய்வரக்கூடிய ஊராகக் கண்டியை மாற்றியது 1867இல் அங்கு வந்து சேர்ந்த இருப்புப்பாதையே. ரம்புக்கனைக்கு அப்பால் ஏறக்குறைய நாற்பத்தைந்து அடிக்கு ஓர் அடி என்ற சரிவில் ஏறிக் கடுகண்ணாவையை அடையும் அப்பாதை, கோப்பிக் கொட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போடப்பட்டதேயன்றி மனிதரின் ஓய்வுக்காகப் போடப்பட்டதன்று. அதே 1867இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளின் பின் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தபோது, பாதையும் தோட்டங்களும் தேயிலைக்கு மாறிக்கொண்டன.

பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் நீண்டது. கண்டி விளையாட்டுக் கழகம் தோன்றியதும் 1874இல்தான். அக்கழகமும், திம்புள்ளை, டிக்கோயா, ஊவா முதலிய பகுதிகளில் எழுந்த கழகங்களும் தோட்டத்துரைமாரின், அதாவது தோட்டங்களை நிருவகித்த பிரித்தானியரின், கூடுமிடங்களாக இருந்தன. 1879இல் கொழும்பில் றக்பிக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டதும் ஆட்டம் மலைக்கு ஏறியது. 1908இல் இலங்கை றக்பிச் சங்கம் அமைக்கப்பட்டபோது மலைநாட்டுக் கழகங்கள் அவ்வாட்டத்தின் பெரும் பகுதியாகிவிட்டிருந்தன. ஒரு துரைக்கும் அடுத்த துரைக்கும் இடையே பல மைல் தேயிலைச் சரிவு கிடந்த நாட்டில், சனிக்கிழமை ஆட்டம் என்பது தனிமையிலிருந்து தப்பும் ஏற்பாடாகவும் இருந்தது. ஆடுபவர் பதினைவரும் அவர்களைப் பார்க்க வந்தவர்களும் ஒரே வகுப்பினர். இன்று ஆடியவர் நாளை பார்வையாளர். இந்தப் பயணத்தைச் சாத்தியமாக்கிய கொழுந்தைப் பறித்தவர்கள், தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக மாத்தளை நோக்கி நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர்களின் வழித்தோன்றல்களும், அக்கழகங்களின் படிகளில் பார்வையாளராகக்கூட இடம் பெறவில்லை என்பதைக் கழக வரலாறுகள் சொல்லாமலே கடந்துவிடுகின்றன.

ஆட்டத்தைத் துரைமாரின் வேலிக்கு வெளியே கொண்டுவந்தவை பள்ளிக்கூடங்கள். கண்டியில் 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியாகப் பின்னர் பெயர்பெற்ற பள்ளியை நிறுவிய லூயி எட்மண்ட் பிளேஸ், ஒல்லாந்தரின் வழிவந்த பறங்கியர் சமூகத்தவர். இலங்கைப் பள்ளி மாணவரிடையே றக்பியை அறிமுகப்படுத்திய பெருமை அவருக்கே வழங்கப்படுகிறது. ஆனால் எதிரணி இல்லாத ஆட்டத்துக்குப் பார்வையாளரும் இல்லை. 1904இல் கண்டித் திரித்துவக் கல்லூரியின் அதிபராக வந்த அலெக்சாந்தர் கார்டன் பிரேசர், தாய்மொழிக் கல்விக்கு இடமளித்தது போலவே விளையாட்டுக்கும் இடமளித்தார். அவரது காலத்தில், 1906இல், திரித்துவமும் கிங்ஸ்வூட்டும் போகம்பரைத் திடலில் மோதி ஆறுக்கு ஆறு என்ற புள்ளியில் சமநிலையில் முடித்த ஆட்டமே நாட்டின் முதலாவது பள்ளிகளுக்கிடையிலான றக்பிப் போட்டியாகக் கொள்ளப்படுகிறது.

போகம்பரைத் திடலுக்கு அதற்கு முன்னரே பார்வையாளர் வரலாறு ஒன்று உண்டு, அது இனியதன்று. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் காலத்தில், 1814இல், எகலப்பொலை அதிகாரியின் மனைவி போகம்பரை ஏரியில் மூழ்கடிக்கப்பட்டார். 1818 கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான கெப்பெட்டிப்பொலை அங்கேயே ஆங்கிலேயரால் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஏரி பின்னர் நிரப்பப்பட்டது. அருகில் எழுந்த சிறைச்சாலை 2014 வரை இயங்கியது. இத்தகைய இடமொன்று நகரின் விளையாட்டுத் திடலாக மாறியதற்கு உணர்ச்சியைவிட வசதியே காரணம் எனலாம். சுற்றிலும் மலை நிற்கும் நகரில் சமதளம் அங்கேதான் கிடைத்தது. புகையிரத நிலையமும் சில நிமிட நடைத் தொலைவில் இருந்தது. கொழும்பிலிருந்து வந்திறங்கிய ஒருவர் வாடகை வண்டி ஏதுமின்றி ஆட்டத்தைக் கண்டு அன்றே திரும்ப முடிந்ததில் இந்த அண்மைக்குப் பெரும் பங்குண்டு.

கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1920இல் முதன்முறையாக ஆடின. ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழிந்து, இரண்டாம் உலகப் போரின் முடிவாண்டான 1945இல், றோயல் கல்லூரியின் அன்றைய அதிபர் பிராட்பி ஒரு கேடயத்தை வழங்கினார். போர்க்காலத்தில் றோயலின் கட்டடங்கள் இராணுவத்தின் பயன்பாட்டில் இருந்தன. கண்டியோ, மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனையில் அமைந்ததால் படைவீரர் நிறைந்த நகராக இருந்தது. இந்தச் சூழலில் பிறந்த பிராட்பி கேடயத்தின் விதி எளியது: ஆண்டுக்கு இரண்டு ஆட்டங்கள், ஒன்று கொழும்பில், மற்றது கண்டியில், இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளர் தீர்மானிக்கப்படுவர். முதல் ஆட்டத்தில் தோற்றவர்க்கும் இரண்டாவதில் மீளும் வழி இருந்ததால், ஒன்றை மட்டும் பார்த்தவர் கதையில் பாதியையே பார்த்தவராவார். வேறெந்தக் காரணத்தையும்விட, பார்வையாளரைப் பயணியாக்கியது இந்தக் கூட்டல் கணக்குத்தான் என்று துணிந்து கூறலாம்.

இதன் விளைவாக ஒரு பருவகாலப் பழக்கம் உருவானது. கொழும்பின் பழைய மாணவர்கள் குழுவாகப் புகையிரதத்தில் ஏறி, வழியெல்லாம் ‘பபரே’ எனப்படும் ஊதுகருவிகளும் மத்தளமும் கலந்த உற்சாக இசையோடும் பைலாப் பாடல்களோடும் மலையேறினர். ஏரிக்கரை விடுதிகளில் ஓரிரவு தங்கினர். கண்டியார் மறு ஆட்டத்துக்கு அதே வழியில் இறங்கினர். வெளிநாடுகளில் குடியேறிய பழைய மாணவர்கள் தாயக விடுமுறையை இந்த வார இறுதிகளை ஒட்டித் திட்டமிடுவதும் உண்டு. பதினெட்டு வயது மாணவரின் ஆட்டத்துக்கு அறுபது வயதினர் கடல் கடந்து வருவதை வெளியார் வியப்பாகக் காணலாம். போலந்தின் நான்காம் படி ஆட்டத்தைத் தேடிப் பறப்பவருக்கு அது வியப்பளிக்காது. ஒன்றை மறைப்பதற்கில்லை: இப்பழக்கம் புகழ்பெற்ற இரு கல்லூரிகளின் வட்டத்துக்குள் உருவானது; ஆங்கிலக் கல்வியும் வசதியும் பெற்றவர்களின் கொண்டாட்டமாகவே நெடுங்காலம் நீடித்தது.

தோட்டத்துரைமாரின் வார இறுதிக்கு முடிவு சட்டத்தின் வழியே வந்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தனியார் நிலவுடைமையை வரம்பிட்டு, கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கின. பிரித்தானியத் துரைமார் வெளியேற, மலைநாட்டுக் கழகங்களின் றக்பி நலிந்தது. கண்டி விளையாட்டுக் கழகம் மட்டும் தப்பிப் பிழைத்ததற்கு அதன் காலடியில் கிடந்த பள்ளிகளே காரணம்; திரித்துவம், கிங்ஸ்வூட், தர்மராஜா, புனித அந்தோனியார் ஆகிய கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் ஆட்டக்காரர் வந்துகொண்டிருந்தனர். 1990களிலிருந்து அக்கழகம் கொழும்பின் பழங்கழகங்களை வென்று நாட்டின் பட்டங்களைத் தொடர்ந்து குவித்தபோது, நித்தவலையிலுள்ள அதன் திடல் கொழும்பு இரசிகர் அஞ்சி வந்து போகும் இடமாயிற்று. துரைமாருக்காக எழுந்த கழகத்தைக் கடைக்காரரும் பேருந்து நடத்துநரும் தம்முடையதாக உரிமை கொண்டாடியது இக்காலத்திலேயே.

உண்மையான கடல் கடந்த பார்வையாளர் கண்டிக்கு வந்தது துடுப்பாட்டத்தால். திரித்துவக் கல்லூரி அஸ்கிரிய மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி உருவாக்கி, 1915இல் திறந்த மைதானத்தில், 1983 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதலாவது டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. பள்ளியொன்றுக்குச் சொந்தமான திடலில் ஐந்து நாள் பன்னாட்டு ஆட்டம் நடைபெறுவது உலகில் அரிது. மூன்றே மாதங்களில், 1983 ஜூலையில், இனக்கலவரம் நாட்டைக் குலைத்தது. 1987 ஏப்ரலிலிருந்து 1992 ஆகஸ்ட் வரை இலங்கையில் டெஸ்ட் ஆட்டமே இடம்பெறவில்லை. 1998 ஜனவரியில் தலதா மாளிகை வாயிலில் குண்டு வெடித்தது. அப்படியிருந்தும் 2001 மார்ச்சில் இங்கிலாந்து அணி முதன்முறையாக அஸ்கிரியவில் டெஸ்ட் ஆடி மூன்று விக்கெட்டுகளால் வென்றபோது, ‘பார்மி ஆர்மி’ எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் ஆங்கில இரசிகர்கள் அங்கே பாடிக்கொண்டிருந்தனர். 2007 டிசம்பரில் அதே மைதானத்தில், அதே எதிரணிக்கு எதிராக, குண்டசாலையைச் சேர்ந்த முத்தையா முரளிதரன் தமது 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி ஷேன் வார்னின் சாதனையைக் கடந்தார். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த பாட்டனின் பேரன் ஒருவரைக் காண இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி வந்த கூட்டம், துரைமாரின் கழகப் படிகளை நினைவில் வைத்திருப்போர்க்குத் தனிப் பொருள் தரக்கூடியது.

அந்த ஆட்டமே அஸ்கிரியவின் கடைசி டெஸ்டாகவும் அமைந்தது. நகருக்குக் கிழக்கே பல்லேகலையில் 2009இல் திறக்கப்பட்ட பெரிய அரங்குக்குப் பன்னாட்டு ஆட்டங்கள் மாறின. 2010இல் அதற்கு முரளிதரனின் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை தீர்மானித்தபோதும், பல்லேகலை என்ற பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. அங்கு நடைபெற்ற முதல் டெஸ்டை, 2010 டிசம்பரில், மழை பெரும்பாலும் கொண்டுபோயிற்று. திரித்துவக் கல்லூரியும் பல்லேகலையில் தனக்கென றக்பித் திடலை அமைத்துக்கொண்டதால், பிராட்பி கேடயத்தின் கண்டி ஆட்டமும் அங்கே செல்லலாயிற்று. இருக்கைகளும் வாகனத் தரிப்பிடமும் நிச்சயமாக மேம்பட்டிருக்கின்றன. ஆயினும் புகையிரதத்தில் வந்திறங்கும் பார்வையாளர் நிலையத்திலிருந்து திடலுக்கு நடக்க முடிந்த காலம் இதனால் முடிவுக்கு வந்தது. கொழும்புக் கூட்டத்தில் பெரும் பகுதி இப்போது வாடகைப் பேருந்துகளிலும் சொந்த வாகனங்களிலும் வந்து, நகரின் கடைவீதியைத் தொடாமலே திரும்பிவிடுகிறது.